வகுப்புக்கு வெளியிலிருந்து வரும் மெத்தட்: டெக்கரேட்டரின் முன்கதையும் பின்கதையும்

(நீண்ட பதிவு. நிரலாக்கம் அறியாத மொழியியல் மாணவர்களும் தொடர்ந்து வாசிக்க இயலும் என்று நம்புகிறேன்.)

2008 ஜனவரியில், பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், அம்மொழியை வளர்ப்போரின் மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு சிறு நிரலை அனுப்பி, இது நயமானதா, அருவருப்பானதா என்று கேட்டார். நிரல் ஐந்தே வரி. ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட ஒரு வகுப்பின் பெயரை @ குறியோடு சேர்த்துச் சொல்லி, அதன் கீழே ஒரு செயற்கூறை எழுதினால், அது அவ்வகுப்பின் மெத்தட் ஆகிவிடும். வகுப்பு எழுதப்பட்ட கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. எழுதியவருக்குச் செய்தியும் போகாது. பல வகுப்புகளை இவ்வாறு வெளியிலிருந்து திருத்தும் தேவை தமக்கு நேர்ந்ததாகவும், அதற்கு நல்ல காரணங்கள் இருப்பதாகத் தாம் கருதுவதாகவும் அவர் எழுதியிருந்தார்.

ஒரு மொழியை ஆக்கியவர், அதே மொழியில் தாம் எழுதிய ஐந்து வரியைப் பார்த்து இப்படி ஐயுறுவது அரிது. அந்த ஐயத்துக்கு முப்பதாண்டுக்கால முன்கதை உண்டு. ஒருவர் எழுதிய வகுப்புக்குப் புதிய வினையொன்றைச் சேர்க்கும் உரிமை யாருக்கு? சேர்த்தது எங்கே எழுதப்பட வேண்டும்? டெக்கரேட்டரின் வரலாற்றைப் பெரும்பாலோர் குறியீட்டு வசதியின் வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது இவ்விரண்டு கேள்விகளின் வரலாறாகத் தோன்றுகிறது.

சொற்களைப் பற்றி முதலில். தமிழகப் பாடநூல்கள் கிளாஸ் என்பதை 'இனக்குழு' என்கின்றன. மானிடவியல் துறை நண்பர்கள் அச்சொல்லைக் கண்டதும் வேறெங்கோ சென்றுவிடுவர் என்பதால் இங்கே 'வகுப்பு' என்றே எழுதுகிறேன். ஒரு வகையைச் சேர்ந்த பொருள்கள் எவற்றை வைத்திருக்கும், எவற்றைச் செய்யும் என்பதை வரையறுக்கும் நிரற்பகுதி அது. வகுப்புக்குள் குடியிருக்கும் செயற்கூறுக்கு மெத்தட் என்று பெயர். டெக்கரேட்டரை 'அணி' என்று மொழிபெயர்க்க ஆசைதான். ஆனால் தண்டியலங்காரம் படித்தவர்களுக்கு அது வீண் நம்பிக்கையைத் தரும். டெக்கரேட்டர் எதையும் அழகுபடுத்துவதில்லை. ஒரு செயற்கூறையோ வகுப்பையோ வாங்கிக்கொண்டு, மாற்றியோ மாற்றாமலோ எதையேனும் திருப்பித் தரும் மற்றொரு செயற்கூறு அது. திருப்பித் தரப்பட்டது எதுவோ, அதுவே பழைய பெயரில் வழங்கத் தொடங்கும். பெயர் பொருந்தவில்லை என்ற முறையீடு அப்போதே எழுந்தது. 1994-இல் வெளியான 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் அப்பெயரை வேறொரு கருத்துக்கு வழங்கியிருந்தது. டெக்கரேட்டரை முன்மொழிந்த பெப் 318 ஆவணம் இம்முறையீட்டை மறைக்கவில்லை. தொகுப்பிகள் தொடரியல் மரத்தின் கணுக்களில் குறிப்பேற்றும் வழக்கத்தோடுதான் இப்பெயருக்கு நெருக்கம் அதிகம் என்கிறது. நம் துறைக்கு இவ்விளக்கம் அந்நியமன்று.

முன்கதையின் முதல் ஊர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையம். 1970-களில் அங்கே வளர்ந்த ஸ்மால்டாக் மொழியில் வகுப்புகளும் பொருள்களே. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த வகுப்புக்கும் மெத்தட் சேர்க்கலாம். முழு எண்களின் வகுப்பும் விலக்கன்று. அமைப்பு முழுவதும் ஒரே உயிருள்ள படிமமாக ஒருவரின் கணினியில் இருந்ததால், 'பிறர் வகுப்பு' என்ற எண்ணமே அங்கு வலுப்பெறவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிஸ்ப் இயந்திரங்களில் 'ஃபிளேவர்ஸ்' என்ற அமைப்பு தோன்றியது. அதில் மெத்தட்டுகளை வகுப்பின் வரையறைக்கு வெளியே தனித்தனியாக எழுதுவதே வழக்கம். சிறு சிறு வினைத்தொகுதிகளை எழுதிவைத்து, வேண்டிய வகுப்பில் கலந்துகொள்வதை அவர்கள் 'மிக்ஸின்' என்றனர். அருகிலிருந்த ஓர் ஐஸ்கிரீம் கடையில் வாடிக்கையாளர் விருப்பப்படி முந்திரியும் பிஸ்கட்டும் கலந்து தருவார்கள். சொல் அங்கிருந்து வந்தது. இம்மரபின் முதிர்ந்த வடிவம் காமன் லிஸ்ப்பின் பொருள் அமைப்பு. அதில் மெத்தட் வகுப்புக்கு உரியதே அன்று. ஒரே பெயர் தாங்கிய பொதுச் செயற்கூறுக்கு உரியது. ஆகவே யார் வீட்டில் யார் நுழைந்தார் என்ற வழக்கே அங்கு எழாது. இத்தீர்வு ஏன் பரவலாகவில்லை என்பது தனிப் பதிவுக்குரிய பொருள்.

1980-களில் வந்த ஆப்ஜெக்டிவ்-சி 'கேட்டகரி' என்ற பெயரில் இவ்வசதியைத் தந்தது. 1995-இல் வெளியான ரூபி எல்லா வகுப்புகளையும் திறந்தே வைத்தது. ஒரு வகுப்பின் பெயரை மீண்டும் எழுதினால் பழைய வகுப்பு மறுபடி திறக்கும். ரெயில்ஸ் சட்டகத்தைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள்: எண் 2-இன் பின்னால் 'டேஸ்', 'அகோ' என்று அடுக்கினால் 'இரண்டு நாள்களுக்கு முன்' என்ற காலம் கிடைக்கும். எண்ணுக்கு இந்த வினைகளை ரூபி கற்பிக்கவில்லை, ரெயில்ஸ் கற்பித்தது.

இதன் இனிமையை நான் மறுக்கவில்லை. விலை எவ்வளவு என்பது ஜாவாஸ்கிரிப்டில் தெரிந்தது.

ஜாவாஸ்கிரிப்டில் பட்டியல்கள் யாவும் தம் வினைகளை ஒரே மூலப்படிவத்திலிருந்து பெறுகின்றன. அப்படிவம் அனைவருக்கும் திறந்தது. 2005-இல் வந்த புரோட்டோடைப், 2006-இல் வந்த மூட்டூல்ஸ் ஆகிய நூலகங்கள், மொழியில் இல்லாத பல வினைகளை அதில் நேரடியாக ஏற்றின. மூட்டூல்ஸ் ஏற்றியவற்றுள் ஒன்று 'ஃபிளாட்டன்': பட்டியலுக்குள் கிடக்கும் பட்டியல்களை விரித்து ஒரே தளமாக்குவது. பத்தாண்டுக்கும் மேல் கழித்து, இதே வினையை இதே பெயரில் மொழியின் தரத்திலேயே சேர்க்கக் குழுவினர் முற்பட்டனர். 2018 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பு அதைச் சேர்த்தது. மூட்டூல்ஸைச் சார்ந்திருந்த ஒரு வலைத்தளம் உடைந்தது.

உடைந்த விதம் நுட்பமானது. மூட்டூல்ஸ் தன் ஃபிளாட்டனை எப்படியும் மேலெழுதிவிடும். ஆகவே வினை மாறவில்லை. ஆனால் மொழி தரும் வினைகள், வரிசையாக எண்ணிப் பார்க்கும்போது கண்ணில் படாத வகையில் குறிக்கப்பட்டவை. அவற்றின்மேல் வேறொன்றை எழுதினாலும் அந்த மறைகுறி நீங்காது. மூட்டூல்ஸோ, பட்டியலின் வினைகளை எண்ணிப் பார்த்தே தன் மற்றொரு படிவத்துக்குப் படியெடுக்கும். கண்ணில் படாத ஃபிளாட்டன் படியெடுக்கப்படவில்லை. அதை நம்பியிருந்த பக்கங்கள் முறிந்தன. குழுவில் ஒருவர், 'ஸ்மூஷ்' என்று பெயர் மாற்றிவிடலாம் என்று வேடிக்கையாக முன்மொழிய, வலையுலகம் அதை மெய்யென நம்பிச் சில நாள் கொந்தளித்தது. இறுதியில் 'ஃபிளாட்' என்ற பெயர் நிலைத்தது. 'கன்டெய்ன்ஸ்' என்றிருக்க வேண்டிய இன்னொரு வினையும் இதே மூட்டூல்ஸால் 'இன்க்ளூட்ஸ்' ஆயிற்று. ஒரு மொழியின் சொற்கோவையை, அதை ஒரு காலத்தில் வெளியிலிருந்து நீட்டிய ஒரு நூலகம் இப்படித் தீர்மானித்திருக்கிறது. சொல் வரலாறு எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பைத்தான் இடைவழியில் நின்றது. முழு எண், சரம், பட்டியல் போன்ற அடிப்படை வகுப்புகளில் புதிய மெத்தட்டை ஏற்ற முயன்றால் அது பிழை கூறி மறுக்கும். பயனர் எழுதிய வகுப்புகளோ தொடக்கம் முதல் திறந்தவை. அவ்வகுப்பின் உள்ளே இருப்பது பெயர்களும் அவற்றுக்குரிய மதிப்புகளும் கொண்ட ஓர் அகராதி. அதில் யாரும் ஒரு பதிவைச் சேர்க்கலாம். சேர்த்ததும், அதற்கு முன்பே பிறந்துவிட்ட பொருள்களும் புதிய வினையை அறிந்துகொள்ளும். ஏனெனில் ஒரு மெத்தட் எங்கே என்ற தேடல், அழைக்கப்படும் அந்தக் கணத்தில்தான் நடக்கிறது. வகுப்பின் அகராதியில் கிடக்கும் செயற்கூறு வினையடி போன்றது. ஒரு பொருளின் வழியாக அதை அழைக்கும்போது, அப்பொருளே அதன் எழுவாயாக வந்து ஒட்டிக்கொள்ளும். இப்பிணைப்பை வகுப்பின் வழியே வரும் செயற்கூறுக்குத்தான் பைத்தான் செய்து தருகிறது. தனியொரு பொருளின் மீது செயற்கூறை நேரே ஏற்றினால் எழுவாய் ஒட்டாது. வேண்டுமென்றால் நாமே பிணைத்துத் தர வேண்டும். மெத்தட் சேர்ப்பது பற்றிய பேச்சு எப்போதும் வகுப்பையே சுற்றி வருவதன் காரணம் இதுதான்.

பிறர் வகுப்பை ஓட்டத்தின் நடுவே மாற்றுவதற்கு 'மங்கி பேட்ச்' என்ற பெயர் பைத்தானின் ஸோப் சமூகத்திலிருந்து பரவியது. மறைந்திருந்து தாக்கும் 'கெரில்லா' ஒட்டு, ஒலி ஒப்புமையால் 'கொரில்லா' ஆகி, பின்பு குரங்காய்ச் சிறுத்தது என்பது வழங்கிவரும் கதை. மக்கள் சொற்பிறப்பியலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆக, மெத்தட் சேர்க்கும் ஆற்றலை டெக்கரேட்டர் தரவில்லை. அது முன்பே இருந்தது. டெக்கரேட்டர் தந்தது இடம். 2001 டிசம்பரில் வந்த பைத்தான் 2.2, கிளாஸ்மெத்தட், ஸ்டேட்டிக்மெத்தட் என்ற இரு மாற்றிகளைத் தந்தது. அவற்றுக்கென எழுத்து வடிவம் எதையும் தரவில்லை. செயற்கூறை முழுவதும் எழுதி முடித்து, அடியில் அதன் பெயரை மீண்டும் சொல்லி, மாற்றியில் இட்டு, கிடைத்ததை அதே பெயரில் வைக்க வேண்டும். ஒரு பெயர் மூன்று முறை. செயற்கூறு நாற்பது வரி என்றால், அதன் இயல்பு என்ன என்பதை நாற்பத்தோராம் வரியில்தான் வாசகர் அறிவார். பயனிலை கடைசியில் வரும் மொழியைப் பேசும் நமக்கு இந்தக் காத்திருப்பு பழகியதுதான். ஆனால் நிரல் படிப்பவர்கள் தலைவரியைப் பார்த்தே நகர்கிறவர்கள்.

2003 ஜூனில் பெப் 318 எழுதப்பட்டது. மாற்றியைத் தலைப்பக்கம் கொண்டுவர வேண்டும் என்பதில் பெரிய வேறுபாடில்லை. எங்கே, எந்தக் குறியோடு என்பதில்தான் சண்டை. சதுர அடைப்புக்குள் பட்டியலாகவா, செயற்கூறின் பெயருக்குப் பின்னா, புதிய சொல் ஒன்றின் கீழ் உள்தள்ளிய தொகுதியாகவா என்று முன்மொழிவுகள் பெருகின. 2004 ஆகஸ்டில் வந்த 2.4-இன் இரண்டாம் ஆல்ஃபா பதிப்பில் வான் ராசம் @ குறியை வைத்தார். அதுவரை பைத்தானில் எப்பயனும் இல்லாதிருந்த குறி அது. ஜாவாவின் ஆவணக் குறிப்புகளில் பழகியது. எதிர்ப்பாளர்கள் ஒன்றுகூடி ஒரு மாற்று வடிவத்தை விரிவாக எழுதி முன்வைத்தனர், அவர் ஏற்கவில்லை. 2004 நவம்பர் 30 அன்று 2.4 வெளியானது. அவ்வளவு சண்டையும் எழுத்து வடிவத்தைப் பற்றியது. மாற்றி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றி மொழி ஒரு கட்டுப்பாட்டையும் விதிக்கவில்லை. இந்த மௌனத்தின் பயனே 2008-இன் ஐந்து வரி.

2.4-இல் வகுப்புகளுக்கு டெக்கரேட்டர் கிடையாது. தேவையில்லை என்று கருதினார்கள், மெட்டாகிளாஸ் இருந்ததே. மெட்டாகிளாஸ் என்பது வகுப்புகளை ஆக்கும் வகுப்பு. பைத்தான் 1.5 காலத்தில் அதைப் பற்றி வான் ராசம் எழுதிய கட்டுரைக்குக் 'கொல்லும் நகைச்சுவை' என்று துணைப்பெயர் இட்டிருந்தார். மான்டி பைத்தான் குழுவின் நாடகத் துணுக்கு ஒன்றில் அந்நகைச்சுவையைக் கேட்டவர் சிரித்தே இறப்பர். மெட்டாகிளாஸ் வழியாகவும் மெத்தட் சேர்க்கலாம். ஆனால் அதன் பிடி வழிவழியாக வகுப்பின் வாரிசுகளுக்கும் இறங்கும். உறவற்ற இரு மெட்டாகிளாஸ்களைக் கொண்ட இரு வகுப்புகளிலிருந்து ஒரு வாரிசை உண்டாக்க முயன்றால் பைத்தான் முரண் என்று மறுத்துவிடும். டெக்கரேட்டருக்கு இச்சிக்கல் இல்லை. அது வகுப்பு பிறந்தபின் ஒரே ஒரு முறை வந்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். எத்தனை டெக்கரேட்டர்களையும் அடுக்கலாம். செயற்கூறு டெக்கரேட்டர்கள் சில ஆண்டுகள் புழங்கிக் கை பழகியபின், 2007-இல் பெப் 3129 வகுப்புகளுக்கும் அதை முன்மொழிந்தது. 2008 அக்டோபரில் பைத்தான் 2.6, டிசம்பரில் 3.0.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஜனவரியின் ஐந்து வரியும் அக்டோபரின் புதிய வசதியும் ஒரே @ குறியை அணிந்தவை. இரண்டும் வகுப்புக்கு மெத்தட் சேர்க்கின்றன. உறவு மட்டும் நேர் எதிர். வகுப்பின் தலைமேல் நிற்கும் டெக்கரேட்டர், அவ்வகுப்பை எழுதியவர் அழைத்து வந்த விருந்தாளி. வகுப்பைப் படிக்க வருகிறவரின் கண்ணில் முதலில் படுவதே அதுதான். செயற்கூறின் தலைமேல் நின்று வேறொரு வகுப்பைச் சுட்டும் டெக்கரேட்டரை அவ்வகுப்பின் ஆசிரியர் அழைக்கவில்லை. வகுப்பின் கோப்பை எத்தனை முறை படித்தாலும் வந்து சேர்ந்த மெத்தட் தென்படாது. அது இருக்கும் கோப்பு ஓட்டத்தில் ஏற்றப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தே அது இருக்கும் அல்லது இராது. பாடநூல்கள் இவ்விரண்டையும் 'டெக்கரேட்டரால் மெத்தட் சேர்த்தல்' என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுகின்றன. இது எனக்கு உடன்பாடன்று. ஆய்வேட்டோடு நிரலையும் வெளியிடும் வழக்கம் நம் துறைகளில் வளர்ந்துவரும் காலத்தில், மற்றொருவர் அந்நிரலை எடுத்து அதே முடிவை எட்ட முடியுமா என்பது இந்த வேறுபாட்டிலும் தங்கியிருக்கிறது.

அழைத்து வந்த விருந்தாளியின் வளர்ச்சியைப் பார்ப்போம். 2.7, 3.2 பதிப்புகளில் வந்த 'டோட்டல் ஆர்டரிங்' எளிமையானது. 'சமம்' என்பதையும், 'சிறிது' போன்ற ஒப்பீட்டுள் ஒன்றையும் நாம் எழுதினால், எஞ்சிய மூன்று ஒப்பீடுகளையும் அதுவே வகுப்பில் ஏற்றிவிடும். நாமே எழுதிவைத்திருப்பதைத் தொடாது. 2018 ஜூனில் பைத்தான் 3.7-உடன் வந்த 'டேட்டாகிளாஸ்' இதைவிடத் துணிச்சலானது. வகுப்பில் இன்னின்ன புலங்கள் உண்டு என்று மட்டும் எழுதினால் போதும். பொருளை ஆக்கும் மெத்தட், அச்சிட்டுக் காட்டும் மெத்தட், சமம் பார்க்கும் மெத்தட் ஆகியவற்றை அது தானே இயற்றித் தரும். இயற்றும் முறை பலருக்கு வியப்பூட்டும்: புலங்களின் பெயர்களைக் கொண்டு மெத்தட்டின் மூலநிரலை எழுத்துச் சரமாகவே கோத்து, அச்சரத்தை ஓட்டிச் செயற்கூறாக்கி, வகுப்பில் ஏற்றுகிறது. 'நேம்ட்டியூபிள்' முன்பே இவ்வழி சென்றிருந்தது. 2015 முதல் 'ஆட்டர்ஸ்' நூலகம் இதே கருத்தைப் புகழ்பெறச் செய்திருந்தது.

டேட்டாகிளாஸ் வாங்கிய வகுப்பையே திருப்பித் தரும் என்பதை அதன் ஆவணம் அழுத்திச் சொல்லிற்று. மூன்றாண்டில் அதற்கும் விலக்கு வந்தது. நினைவக இடத்தைச் சுருக்கும் 'ஸ்லாட்ஸ்' ஏற்பாட்டை, வகுப்பு பிறந்தபின் சேர்க்க இயலாது. ஆகவே 3.10-இல் அதை டேட்டாகிளாஸிடம் கேட்டால், அது பழைய வகுப்பைப் பார்த்து அதே பெயரில் புதிய வகுப்பொன்றை ஆக்கித் தருகிறது. மெத்தட் சேர்க்கலாம், அமைப்பை மாற்ற முடியாது என்ற எல்லை இங்கே வெளிப்பட்டது.

மற்றோர் எல்லை வாசிப்போரிடமிருந்து வந்தது. நிரலை ஓட்டாமல் படித்தே பிழை காணும் சரிபார்ப்பான்கள் பரவியபோது, அவற்றின் கண்ணுக்கு டேட்டாகிளாஸ் சேர்த்த மெத்தட்டுகள் தெரியவில்லை. அவை எழுத்தில் இல்லையே. ஓட்டத்தில் மட்டுமே பிறப்பவை. மைபை ஆட்டர்ஸுக்கும் டேட்டாகிளாஸுக்கும் தனித்தனி இணைப்புகளை எழுதிக்கொண்டது. இதே போக்கில் வேறு நூலகங்களும் தத்தம் டெக்கரேட்டர்களை ஆக்கியிருந்தமையால், 2022 அக்டோபரில் வந்த 3.11-இல் பெப் 681 ஒரு பொது அடையாளத்தைத் தந்தது: 'இந்த டெக்கரேட்டர் டேட்டாகிளாஸைப் போன்றே மெத்தட் சேர்க்கும்' என்று சரிபார்ப்பானுக்கு அறிவிக்கும் மற்றொரு டெக்கரேட்டர்.

மொழியியலில் இதற்கு இலக்கணமயமாதல் என்று பெயர். 'விடு' தனி வினையாக நின்று, 'படித்துவிட்டேன்' என்பதில் தன் பொருள் தேய்ந்து, செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும் துணைவினையானதைப் போல, வெறும் செயற்கூறு அழைப்பாக இருந்தது குறியீடாகி, குறியீடு மரபாகி, மரபை இன்று சரிபார்ப்பான்கள் இலக்கண விதியாகவே கொள்கின்றன. டேட்டாகிளாஸ் சேர்க்கும் மெத்தட்டுகளை இனி இயங்குநிலைச் சேர்க்கை என்றழைப்பது ஓரளவு சம்பிரதாயமே.

அழையாமல் வருவதற்கு இந்த ஏற்றம் கிட்டவில்லை. 2014-இல் வந்த 3.4 பதிப்பின் 'சிங்கிள் டிஸ்பாட்ச்' அதன் தேவையையே குறைக்க முயன்றது. செயற்கூறு ஒன்றை வெளியே வைத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய வடிவத்தை டெக்கரேட்டரால் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பிறர் வகுப்பில் கை வைக்காமலே அதற்குப் புதிய வினை கிடைக்கும். லிஸ்ப் மரபின் பொதுச் செயற்கூறு மெலிந்த உருவில் இவ்வழியே பைத்தானுக்கு வந்தது. என் ஆய்வுக்கான சொற்பகுப்பு நிரல்களில், நூலகம் தரும் வகுப்புகளுக்குப் புதிய வினை வேண்டும்போதெல்லாம் நான் நாடுவது இதையே.

வான் ராசமின் ஐந்து வரி இன்றைய பைத்தானிலும் மாற்றமின்றி ஓடும். அவ்வாறு சேர்த்த மெத்தட்டை வேறொரு கோப்பிலிருந்து அழைத்து, அக்கோப்பை மைபையிடம் கொடுத்தால், அவ்வகுப்பில் அப்படியொரு பண்பு இல்லை என்று வரி எண்ணோடு அது பிழை சொல்லும்.